பிரதேச செயலகத்துல பட்டதாரி வேலை: சேரப்போற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு ரிவ்யூ

ஊர்ல யாரு வீட்டு புள்ள கெம்பஸ் முடிச்சு வந்தாலும் என்னைய பாத்தா கேக்குற மொத கேள்வி இதுதான், டி.ஓ வேலை, அதாவது அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை, எப்பிடி அக்கா, கூப்பிட்டா போகலாமா இல்ல கொழும்புக்கே போயிரவா. ஒவ்வொருத்தருக்கும் பஸ் ஸ்டாண்ட்ல நின்னு அரைகொறையா பதில் சொல்றத விட ஒரு தடவ முழுசா எழுதி வைக்கலாம்னு இத எழுதுறேன். போனுக்கும் ஹோட்டலுக்கும் எல்லாரும் ரிவ்யூ எழுதுறாங்க, நம்ம புள்ளைங்க வாழ்க்கையில முப்பது வருஷத்த குடுக்கப்போற ஒரு எடத்துக்கு ஒருத்தரும் எழுதல.

பதில மொதல்லயே சொல்லிர்றேன். போங்க. ஆனா அங்க உங்களுக்கு கதிரை குடுப்பாங்க, வேலை குடுப்பாங்கன்னு நெனைக்காதீங்க, வேலைய நீங்கதான் கேட்டு, எழுத்துல வாங்கணும். இத புரிஞ்சிக்கிட்டு போறவங்களுக்கு அது நல்ல எடம், புரியாம போறவங்க அஞ்சு வருஷத்துல வாடிப்போயிருவாங்க, நான் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன். நட்சத்திரம் போட சொன்னா அஞ்சுக்கு மூணு.

நான் இருக்குறது நுவரெலியா மாவட்டத்துல ஒரு பிரதேச செயலகம். எதுன்னு சொல்ல மாட்டேன், அங்க நல்ல மனுஷங்க நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு சங்கடம் வரக்கூடாது. மத்த செயலகங்கள்ல இருக்குற கூட்டாளிமாரோட பேசுனதுலயும் பெரிய வித்தியாசம் இல்ல, அதனால இத ஒரு ஆபிஸோட கதையா எடுக்காதீங்க.

எவ்வளவு பெரிய எடத்துக்குள்ள போறீங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். 1992-ல வந்த சட்டத்துக்கு பிறகுதான் பிரதேச செயலாளருக்கு இப்ப இருக்குற அதிகாரம் வந்துச்சு, அதுக்கு முந்தி எல்லாத்துக்கும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குத்தான் ஓடணும். இப்ப நாடு முழுக்க முன்னூறுக்கு மேல செயலகம், அதுக்கு கீழ 14 ஆயிரம் கிராம உத்தியோகத்தர் பிரிவு. ஆனா நம்ம மாவட்டத்த பாருங்க, 2012 கணக்கெடுப்புல ஏழு லட்சத்துக்கு மேல சனம், அதுல பாதிக்கு மேல தமிழ் ஆளுங்க, இத்தனைக்கும் ரொம்ப காலமா இருந்தது அஞ்சே அஞ்சு செயலகம்தான், நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. அம்பகமுவ பிரிவுல மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல ஆள். பொகவந்தலாவையில இருக்குற ஒரு அம்மா ஒரு கையெழுத்துக்கு ஹட்டனுக்கு வந்து, பஸ் மாறி, கினிகத்தேனைக்கு போகணும்னு இருந்துச்சு, போனா சேர் மீட்டிங்ல, நாளைக்கு வாங்கன்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு ஒரு நாள் பேர் போச்சு, அதாவது ஒரு நாள் சம்பளம் போச்சு. அக்கரபத்தனை, டயகம ஆளுங்களுக்கு நுவரெலியா டவுன் வரைக்கும் அதே அலைச்சல். இப்ப நோர்வூட், தலவாக்கலை பக்கம் புது அலுவலகங்கள் வந்ததுல கொஞ்சம் பரவாயில்ல. இத ஏன் சொல்றேன்னா, நீங்க உள்ள உக்காந்துக்கிட்டு "நாளைக்கு வாங்க"ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் கவுண்டருக்கு அந்தப்பக்கம் என்ன நடக்குதுன்னு தோட்டத்துல பொறந்த உங்களுக்கு தெரியும், உங்க பக்கத்து மேசைக்காரருக்கு தெரியாம இருக்கலாம். இந்த வேலைக்கு நம்ம புள்ளைங்க போகணும்னு நான் சொல்றதுக்கு மொத காரணம் இதுதான்.

இப்ப பட்டதாரிங்க விஷயம். 2020 செப்டம்பர்ல ஒரே அடியா அம்பதாயிரம் பட்டதாரிங்க அளவுல பயிலுநரா எடுத்தாங்க, மாசம் 20,000 ரூபா கொடுப்பனவு, ஒரு வருஷம் பயிற்சி, 2022-ல தான் நிரந்தரம்னு ஆச்சு. அதுக்கு முந்தியும் இதே மாதிரி கூட்டம் கூட்டமா எடுத்திருக்காங்க. எடுக்குற எண்ணிக்கைய மேல தீர்மானிக்கிறது வேலை இல்லாத பட்டதாரிங்க எத்தன பேருன்னு பாத்து, இன்ன செயலகத்துல இன்ன வேலைக்கு ஆள் கொறையுதுன்னு பாத்து இல்ல. அங்கதான் பிரச்சன ஆரம்பிக்குது. ஒரு ஆபிஸ்ல பத்து பேருக்கு எடம் இருக்குற ஹோல்ல முப்பது பேர் வந்து நின்னா டி.எஸ், அதாவது பிரதேச செயலாளர், என்ன பண்ணுவார், அவருக்கு மேசையும் இல்ல, கொம்பியூட்டரும் இல்ல, குடுக்குறதுக்கு சப்ஜெக்ட்டும், அதாவது பொறுப்பா பாக்குற வேலைப் பிரிவும், இல்ல. அதனால காலையில ஃபிங்கர் பிரின்ட் வைக்கிறது, உக்காருறது, யாராச்சும் ஃபோட்டோ கொப்பி எடுக்க சொன்னா எடுக்குறது, 4.15-க்கு மறுபடி ஃபிங்கர் பிரின்ட். பொருளியல்ல ஸ்பெஷல் செஞ்ச புள்ள மாசக்கணக்குல கடித உறையில முகவரி எழுதிக்கிட்டு இருந்தத நான் பாத்திருக்கேன். அந்த புள்ளைக்கு திறமை இல்லாம இல்ல, அவளுக்கு என்ன வேலைன்னு யாருமே ஒரு தாள்ல எழுதிக் குடுக்கல.

கடமைப் பட்டியல்னு ஒன்னு இருக்கு, டியூட்டி லிஸ்ட். இத மனசுல வச்சுக்கோங்க, இந்த ரிவ்யூல வேற எத மறந்தாலும் பரவாயில்ல. எந்த சப்ஜெக்ட் உங்களுது, எந்த ஜி.எஸ் (கிராம உத்தியோகத்தர்) பிரிவு உங்களுது, யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும், நீங்க லீவுன்னா யாரு பாக்கணும், எல்லாம் அதுல இருக்கணும், டி.எஸ் கையெழுத்தோட. அது கையில இல்லாத வரைக்கும் நீங்க எல்லாருக்கும் உதவியாள். கையில இருந்தா யாராச்சும் வேற வேலை சொல்லும்போது "செய்யுறேன் மெடம், இத லிஸ்ட்லயும் சேர்த்துருங்க"ன்னு மரியாதையா சொல்லலாம். கேட்டா கோபிப்பாங்கன்னு பயப்படாதீங்க, நான் பாத்த வரைக்கும் நல்ல ஏ.ஓ (நிர்வாக உத்தியோகத்தர்) ஒருத்தர் இருந்தா ஒரு வாரத்துல தந்துருவாங்க, தராட்டி எழுத்துல கேளுங்க, கேட்ட கடிதத்தோட கொப்பிய வச்சுக்கோங்க.

அடுத்தது, போன உடனே உங்களுக்கு புரியாத ஒரு இறுக்கம் அங்க இருக்கும், அத முன்கூட்டியே சொல்லிர்றேன். ஃபைல் வச்சிருக்கிறது எம்.எஸ்.ஓமாரு, அதாவது முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்மாரு, நம்ம கிளார்க்னு சொல்றவங்க. அவங்க போட்டிப் பரீட்சை எழுதி வந்தவங்க, பதினஞ்சு இருவது வருஷமா அதே நாற்காலியில இருந்து தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணமும், அதாவது அரச சேவையோட நிர்வாக விதியும் காசு விதியும், மனப்பாடமா வச்சிருக்கிறவங்க. நீங்க டிகிரியோட வந்து நிக்கிறீங்க, சம்பள அளவுத்திட்டமும் உங்களுக்கு கொஞ்சம் மேல, ஆனா ஒரு ஃபைல் எப்பிடி தொறக்குறதுன்னு தெரியாது. அவங்களுக்கு கோவம் வராதா. வரும், நியாயம்தான். கெம்பஸ்ல படிச்சத அங்க போய் காட்டாதீங்க, ஒரு மூத்த கிளார்க் பக்கத்துல கதிரைய போட்டு உக்காந்து, ஒரு கடிதம் தபால் புத்தகத்துல பதிஞ்சதுல இருந்து குறிப்பு எழுதி மேல போய் கையெழுத்தாகி திரும்பி வெளிய போற வரைக்கும் பாருங்க. நான் இந்த வேலையில கத்துக்கிட்டதுல பாதி, ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருந்த ஒரு சிங்கள அக்காகிட்ட கத்துக்கிட்டது. அவங்க எழுதுற குறிப்பு நாலு வரிக்கு மேல போகாது, ஆனா அத எந்த ஓடிட்டராலயும் அசைக்க முடியாது.

ஆபிஸ்ல மனுஷங்க மனுஷங்களோட எப்பிடின்னு கேட்டா, அதுல நான் கொற சொல்ல மாட்டேன். யாருக்காச்சும் பொறந்த நாள்னா கிரிபத் (பால்சோறு) வரும், நலன்புரிச் சங்கத்துல மாசா மாசம் காசு வெட்டுவாங்க ஆனா வீட்டுல ஒரு சாவுன்னா மொத்த ஆபிஸும் வேன் புடிச்சு தோட்டத்து லயம் (வரிசை வீடு) வரைக்கும் ஏறி வருவாங்க, எங்க வீட்டு துக்கத்துக்கு மழையில வழுக்கி வழுக்கி வந்தாங்க, அத நான் மறக்க மாட்டேன். ஜனவரி மொத வேலை நாள் கொடியேத்தி சத்தியப்பிரமாணம் எடுப்போம், வெசாக்குக்கு கூடு கட்டுவோம், பொங்கலுக்கு ஆபிஸ் வாசல்ல பானை வைப்போம், பொங்கல் வைக்கிற அன்னைக்கு மட்டும் எல்லா வேலையும் நம்ம தமிழ் புள்ளைங்க தலையில விழும், அதுவும் சந்தோஷமா செய்யுற வேலைதான்.

ஆனா மொழி விஷயத்துல நான் ஒரு நட்சத்திரம் முழுசா கொறைக்கிறேன். 1987-ல அரசியலமைப்பு திருத்தத்துல தமிழும் அரச கரும மொழின்னு வந்துருச்சு. 1999-ல நம்ம மாவட்டத்து செயலகங்கள இருமொழிப் பிரிவுன்னு வர்த்தமானியில போட்டாங்க. அதாவது கவுண்டருக்கு வர்ற ஆள் தமிழ்ல பேசி, தமிழ்ல எழுதி, தமிழ்லயே பதில் வாங்குறது அவருக்கு உரிமை, யாரும் செய்யுற தயவு இல்ல. இப்ப உள்ள வாங்க. மீட்டிங் சிங்களத்துல, கூட்டக் குறிப்பு சிங்களத்துல, தோட்டத்துக்கு போற கடிதம் சிங்களத்துல, சுற்றறிக்கையோட தமிழ் கொப்பி வர்றதுக்குள்ள விண்ணப்ப திகதி முடிஞ்சிரும். அந்த இடைவெளிய யாரு அடைக்கிறாங்கன்னு கேட்டா தமிழ் பட்டதாரி புள்ளைங்க. "மிஸ் கொஞ்சம் வாங்க, இவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க", இது காணி பிரிவுல இருந்து ஒரு தடவ, சமூக சேவையில இருந்து ஒரு தடவ, ஓய்வூதியத்துல இருந்து ஒரு தடவ, வாகன வரி கவுண்டர்ல இருந்து ஒரு தடவ. உங்க சொந்த சப்ஜெக்ட்ட தொட முடியாது. வருஷக் கடைசியில செயலாற்றுகை மதிப்பீடு எழுதும்போது உங்க சப்ஜெக்ட்ல என்ன செஞ்சீங்கன்னுதான் கேப்பாங்க, நீங்க நாள் முழுக்க நின்னு பேசிக் குடுத்தது எந்த தாள்லயும் இருக்காது.

இதுல ரெண்டு பக்கமும் யோசிச்சு பாத்தேன். அந்த உதவிய நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது, ஏன்னா எதிர்ல நிக்கிறது நம்ம சனம், நம்ம போகலைன்னா அவங்க வெறுங்கையோட மலையேறி வீட்டுக்கு போவாங்க. ஆனா அது ஒரு வேலை, திறமையான வேலை, ஒரு கிழவி அழுதுக்கிட்டே சொல்ற குடும்பக் கதையில இருந்து எந்த சட்டத்துக்கு கீழ எந்த விண்ணப்பம்னு கண்டுபுடிக்கிறது லேசுப்பட்ட காரியமா. அதனால அதையும் கடமைப் பட்டியல்ல எழுத வைங்க, வாரத்துல இன்ன நாள் இன்ன நேரம் தமிழ் உதவி மேசைன்னு. எங்க ஆபிஸ்ல ரெண்டு மூணு பேர் சேர்ந்து இத கேட்டோம், கொஞ்ச நாள் இழுபறி, பிறகு குடுத்தாங்க. இப்ப அந்த மேசைக்கு ஒரு பதிவு புத்தகம் இருக்கு, எத்தன பேர் வந்தாங்க என்ன தேவைக்கு வந்தாங்கன்னு மாசாந்தம் டி.எஸ் பாக்குறார், அத வச்சே தமிழ் தெரிஞ்ச ஆள் இன்னும் வேணும்னு மேல எழுதினாங்க.

அதே நேரம் சிங்களம் படிங்க, நல்லா படிங்க. 2007 ஜூலை 1-க்கு பிறகு அரச சேவைக்கு வந்தவங்க அஞ்சு வருஷத்துக்குள்ள மத்த அரச கரும மொழியில தேர்ச்சி எடுக்கணும்னு விதி இருக்கு, எடுக்கலைன்னா சம்பள ஏற்றத்துல கை வைப்பாங்க. ஆனா நான் சொல்றது பரீட்சைக்காக இல்ல. மீட்டிங்ல ஒருத்தர் "தோட்டத்து ஆளுங்க விண்ணப்பம் ஒழுங்கா நெரப்புறதில்ல"ன்னு சொல்லும்போது, விண்ணப்பமே அவங்க மொழியில போகலையேன்னு அவரோட மொழியிலயே சொல்லத் தெரிஞ்சாத்தான் அந்த பேச்சு மாறும். அதே விதி சிங்கள உத்தியோகத்தர்மாருக்கும் இருக்கு, அவங்க தமிழ் படிக்கணும், சில பேர் உண்மையிலயே அக்கறையா படிச்சு இன்னைக்கு கவுண்டர்ல தனியா சமாளிக்கிறாங்க, அவங்களோட தமிழ்ல பேசுங்க, திருத்திக் குடுங்க.

இனி ஃபீல்ட். இதுக்குத்தான் நான் இன்னும் இந்த வேலையில இருக்கேன். மாசத் தொடக்கத்துல அட்வான்ஸ் ப்ரோக்ராம் குடுக்கணும், எந்த நாள் எங்க போறேன்னு, டயரி எழுதணும், அத டி.எஸ் கையெழுத்து போடுவார். தாள்ல எல்லாம் சரியா இருக்கும். ஆனா தோட்டத்துல நடைமுறை வேற. காலையில பத்து மணிக்கு லயத்துக்கு போனா யாரு இருப்பா, வயசானவங்களும் சின்னப் புள்ளைங்களும்தான், பொம்பளைங்க எல்லாம் மலையில. அவங்க கொழுந்து நிறுத்து முடிச்சு வீட்டுக்கு வர்ற நேரம் ஆபிஸ் நேரம் முடிஞ்சிரும். ரொம்ப பேர் இத யோசிக்கிறதே இல்ல, போனேன், ஆளில்லன்னு டயரியில எழுதிட்டு வந்துருவாங்க. நீங்க மத்தியானம் கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு போங்க, இல்ல காலையில பிரட்டுக்கு, அதாவது ஆளுங்கள கூட்டி வேலை பிரிக்கிற எடத்துக்கு, போங்க, கால் மணி நேரத்துல டிவிஷன்ல பாதிப் பேர பாத்துரலாம். அதுக்கு முந்தி தொரைக்கு (தோட்டத்து மேனேஜருக்கு) ஒரு வார்த்தை, தொழிற்சங்கத் தலைவருக்கு ஒரு வார்த்தை, இல்லாட்டி வீணா மனஸ்தாபம் வரும். புள்ளக்காம்பரா, அதாவது தோட்டத்து புள்ளைங்கள பாத்துக்கிற எடத்து, ஆயம்மாவ கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, எந்த வீட்டுல எந்த புள்ளைக்கு பொறப்பு சர்டிபிகேட் இல்லன்னு உங்க ரெஜிஸ்டர விட அவங்களுக்குத்தான் தெரியும்.

ஃபீல்ட்ல நீங்க அதிகமா பாக்கப்போறது தாள் பிரச்சனதான். பொறப்பு சர்டிபிகேட்ல முத்துலெட்சுமி, அடையாள அட்டையில லெட்சுமி, தோட்டத்து செக்ரோல்ல (பேர் பதிவு புத்தகத்துல) முத்தாயின்னு இருக்கும், ஒரே ஆள். அந்த காலத்துல பதிஞ்சவர் காதுக்கு கேட்டபடி எழுதிட்டு போயிட்டார், இவங்க முப்பது வருஷம் கொழுந்து எடுத்து முடிச்சு ஈ.பி.எஃப் காசு எடுக்கப் போற அன்னைக்குத்தான் அது வெளிய வரும். பதிவே இல்லாதவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கணும், அதுக்கு ஞானஸ்நான பதிவு, பள்ளிக்கூட பதிவு, தோட்டத்து ஆஸ்பத்திரி பதிவுன்னு ஒவ்வொரு எடமா தேடணும். 1948-ல தோட்டத்து தமிழ் ஆளுங்களோட குடியுரிமைய எடுத்து, கடைசியா 2003 சட்டத்துலதான் மிச்சமிருந்தவங்களுக்கு குடுத்து முடிச்சாங்க, இடையில போன அம்பத்தஞ்சு வருஷத்தோட பாக்கி இன்னும் எங்க மேசையில ஃபைலா கெடக்கு. ஒரு வயசான அம்மாவுக்கு அடையாள அட்டை எடுத்துக் குடுத்தோம், அவங்க அத வாங்கி படத்த பாத்துட்டு என்கிட்ட கேட்டாங்க, "புள்ள, இனி நான் பேங்குக்கு தனியா போகலாமா?" போகலாம் பெரியம்மான்னு சொன்னேன். டிகிரிக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறவங்களுக்கு சொல்றேன், அந்த ஃபைல்ல நாலு சட்டம், மூணு திணைக்களம், ரெண்டு மொழி இருந்துச்சு, படிச்ச ஆள் ஒருத்தர் உக்காந்து பிரிச்சு எடுக்காட்டி அது நகர்ந்திருக்காது.

2023-ல அஸ்வெசும, அதாவது வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்குற நலன்புரிக் காசு, வந்தப்பவும் அப்பிடித்தான். படிவத்த தயார் பண்ணினவங்க மனசுல ஒரு வீடுன்னா ஒரு குடும்பம், ஒரு முகவரி, ஒரு மின்சார பில். நம்ம லயத்துல ஒரு காம்பராவுக்குள்ள அம்மா அப்பா ஒரு குடும்பம், மகன் மருமகள் ஒரு குடும்பம், முகவரின்னு பாத்தா மொத்த டிவிஷனுக்கும் ஒன்னு. தகவல் எடுக்கப்போன டி.ஓமாருல தோட்டத்த தெரிஞ்சவங்க நின்னு கேட்டு குடும்பத்த பிரிச்சு எழுதினாங்க, தெரியாதவங்க ஒரே குடும்பமா போட்டுட்டு போயிட்டாங்க, பிறகு மேன்முறையீட்டுக்கு வரிசை ரோட்டு வரைக்கும் நின்னுச்சு.

இந்த ஆபிஸ் எப்பிடி இருக்கணுமோ அப்பிடி இருந்தத நான் பாத்தது 2025 நவம்பர் கடைசியில, திட்வா புயல் நேரம். மண் சரிஞ்சு ரோடெல்லாம் வெட்டுப்பட்டு, கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல. அன்னைக்கு யாரும் டியூட்டி லிஸ்ட் கேக்கல, எம்.எஸ்.ஓ டி.ஓன்னு பிரிவு இல்ல, கே.கே.எஸ் (அலுவலக உதவியாளர்) அண்ணன்ல இருந்து டி.எஸ் வரைக்கும் பள்ளிக்கூடத்துலயும் கோயில்லயும் பன்சலையிலயும் (பௌத்த விகாரை) இருந்த ஆளுங்கள எண்ணி, பேர் எழுதி, பால்மாவும் பாயும் பங்கு போட்டோம். பட்டதாரி புள்ளைங்க ராத்திரியோட ராத்திரியா முகாம் வாரியா லிஸ்ட் போட்டு, கர்ப்பிணி யாரு, டயாலிசிஸ் போறவங்க யாருன்னு தனியா பிரிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அவங்களுக்கு அது முடியும்னு அது வரைக்கும் யாரும் கேட்டதே இல்ல. பிறகு வீடு சுத்தம் பண்ண 25,000 ரூபா குடுக்குற நேரம் மறுபடி அதே பழைய கேள்வி வந்துச்சு, லயம் கம்பெனியோடது, இவங்களுக்கு எப்பிடி வீட்டுக்காரர்னு போடுறதுன்னு. அந்த கேள்விக்கு பதில் எழுதி மேல அனுப்பினதும் எங்க தமிழ் சிங்கள டி.ஓமாரு சேர்ந்துதான். நெருக்கடி முடிஞ்சது, ஆளாளுக்கு பழைய கதிரை. அந்த முகாம் லிஸ்ட் போட்ட புள்ளை இப்ப மறுபடி கவர்ல முகவரி எழுதுறா. இது எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம், இத எழுதும்போதும் வருது.

காசு விஷயம் சுருக்கமா. டி.ஓவுக்கு எம்.என் 4 அளவுத்திட்டம், 2016 சுற்றறிக்கையில ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 31,490, அது ரொம்ப வருஷம் அசையாம நின்னுச்சு. 2025 ஏப்ரல்ல இருந்து அரச சேவையில ஆகக் கொறஞ்ச அடிப்படைச் சம்பளத்த 24,250-ல இருந்து 40,000-க்கு ஏத்தினாங்க, அதோட நம்மளுதும் ஏறுச்சு. வருஷத்துக்கு 45 நாள் லீவு, ரயில் வாரண்ட், இடர் கடன், அக்ரஹார மருத்துவ காப்புறுதி, இதெல்லாம் உண்மையான உதவி, தோட்டத்து குடும்பத்துல மொத தடவையா ஒருத்தருக்கு பேங்க் கடன் குடுக்குறது இந்த சம்பளத் துண்ட காட்டித்தான். ஓய்வூதியம் பத்தி உங்க நியமனக் கடிதத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொரு வரியா வாசிங்க, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் வேற மாதிரி. ஆனா போர்டிங் எடுத்து தங்குறீங்கன்னா மாசக் கடைசியில கையில ஒன்னும் மிஞ்சாது, அத தெரிஞ்சே போங்க. 2022 நெருக்கடி நேரம் வெளிநாடு போறவங்களுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் சம்பளமில்லா லீவு குடுத்தாங்கல்ல, எங்க ஆபிஸ்ல ஆக துடிப்பா இருந்த புள்ளைங்கதான் மொதல்ல எழுதிக் குடுத்துட்டு போனாங்க. இங்க அவங்களுக்கு செய்ய வேலை இருந்திருந்தா பாதிப் பேராச்சும் நின்னிருப்பாங்கன்னு நான் நெனைக்கிறேன்.

பொம்பள புள்ளைங்களுக்கு தனியா ரெண்டு விஷயம். ஃபீல்ட் போற அன்னைக்கு சாரி கட்டிக்கிட்டு அட்டைக்கடியோட மலையேறுறது கஷ்டம், சில டி.எஸ்மாரு ஃபீல்ட் நாள்ல வேற உடுப்புக்கு ஒத்துக்குவாங்க, மொதல்லயே கேட்டுருங்க. மேல் டிவிஷனுக்கு போனா கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு டிரைவர்கிட்டயே கேளுங்க, மழை நாள்ல அது வராம போறதும் உண்டு. ரெண்டு பேரா போற மாதிரி ப்ரோக்ராம் போடுங்க, ஏ.டி.பிகிட்ட (உதவித் திட்டமிடல் பணிப்பாளர்) சொன்னா பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க.

பதவி உயர்வு மெதுவா நடக்கும், தரம் 3-ல இருந்து 2-க்கே பத்து வருஷம் ஆகும். வினைத்திறமைகாண் தடைதாண்டல் பரீட்சைய, நம்ம ஈ.பின்னு சொல்றது, சேர்ந்த உடனே எழுதி முடிச்சுருங்க, படிச்ச பழக்கம் கையில இருக்கும்போதே. தாபன விதிக்கோவைய அதுக்காக மட்டும் வாசிக்காதீங்க, உங்கள காப்பாத்துற புத்தகமும் அதுதான். நிர்வாக சேவைக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை இருக்கு, உள்ள இருந்தே மேல போற வழி அது. நம்ம மாவட்டத்துல தோட்டத்துல பொறந்த பிரதேச செயலாளர்மார் இன்னும் நெறைய வரணும், கடமைப் பட்டியல் எழுதுற கை நம்ம கையா இருந்தாத்தான் கவர்ல முகவரி எழுதுற புள்ளைங்களோட நெலம மாறும்.

யாரு போக வேணாம்னா, படிச்ச துறையில நேரடியா வேலை கெடைக்க வாய்ப்பு உள்ளவங்க, ஐ.டி, கணக்கியல் மாதிரி, அவங்க இங்க வந்து காத்துக்கிட்டு கெடக்காதீங்க. சும்மா இருந்தாலும் சம்பளம் வருதேன்னு வர்றவங்களும் தயவு செஞ்சு வராதீங்க, அந்த கதிரைக்கு எதிர்ல ஒரு நாள் பேர விட்டுட்டு வந்து நிக்கிறது நம்ம அம்மாமாருதான்.

கடைசியா, சேரும்போது எந்த ஜி.எஸ் பிரிவு வேணும்னு கேக்குற சந்தர்ப்பம் கெடைச்சா, வீட்டுக்கு பக்கத்துல கேளுங்க, ஆனா சொந்த தோட்டம் இருக்குற பிரிவ கேக்காதீங்க. அஸ்வெசும லிஸ்ட்டோ நிவாரண லிஸ்ட்டோ போடும்போது மாமன் மச்சான் பேர் வெட்டுப்பட்டா உங்க வீட்டாளுங்க கோயில் திருவிழாவுல தலை நிமிர்ந்து நிக்க முடியாது, வெட்டுப்படாட்டி நீங்க ஊர்ல நிக்க முடியாது. பக்கத்து பிரிவுதான் சரி. தபாலகம், ஸ்டோர், பள்ளிக்கூடம் எல்லாம் தெரிஞ்ச எடமா இருக்கும், ரெஜிஸ்டர்ல இருக்குற ஆளுங்க மட்டும் சொந்தக்காரங்களா இருக்க மாட்டாங்க.